வாசற்படியில் கிறிஸ்தவம்!

சென்னையில் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே இருக்கிறது ராஜா அண்ணாமலைபுரம். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கிய பகுதி அது. பெரிய பங்களாக்களும் அடுக்கு மாடி வீடுகளும் நிறைந்த இடம். அங்கே மனை வாங்க வேண்டும் என்றால் கோடீசுவரராக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட பகுதியில் ஒரு சாலைக்கு "லாசரஸ் சர்ச் சாலை" என்று பெயர். அங்குள்ள கத்தோலிக்கக் கோவில் மாதாவின் பெயரால் அமைந்தது. ஆனாலும் ஊர் வழக்கில் லாசரின் பெயர் ஒட்டிக்கொண்டு விட்டது. தினமும் ஆயிரக்கணக்கான கார்கள் அந்த வழியாகப் போகின்றன. அந்தப் பெயரை நின்று யோசிப்பவர்கள் எத்தனை பேர்?

யார் இந்த லாசர்?

பைபிளில் லாசர் என்ற பெயரில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பெத்தானியா ஊரைச் சேர்ந்தவர். இறந்து, கல்லறையில் வைக்கப்பட்ட பிறகு ஏசுநாதரால் உயிர் பெற்று எழுந்தவர். இன்னொருவர், ஏசுநாதர் சொன்ன ஒரு கதையில் வரும் பிச்சைக்காரர். காலப்போக்கில் மக்கள் மனத்தில் இந்த இருவரும் ஒருவராகவே கலந்து போனார்கள். ஐரோப்பாவில் பழைய காலத்தில் தொழுநோயாளிகளுக்குக் கட்டிய விடுதிகளுக்கு லாசர் பெயரையே வைத்தார்கள்.

பிச்சைக்காரர் லாசரின் கதை இதுதான். ஒரு பணக்காரர். பட்டாடை உடுத்தி, தினமும் விருந்து சாப்பிட்டு வாழ்ந்தார். அவர் வீட்டு வாசலில், உடம்பெல்லாம் புண்ணோடு லாசர் கிடந்தார். விருந்து மேசையில் இருந்து விழும் துணுக்குக் கிடைக்காதா என்று ஏங்கினார். நாய்கள் வந்து அவர் புண்களை நக்கின. இருவரும் இறந்தார்கள். லாசர் மோட்சத்துக்குப் போனார். பணக்காரர் நரகத்துக்குப் போனார்.

பணக்காரர் செய்த குற்றம் என்ன? லாசரை அவர் அடித்தாரா? விரட்டினாரா? கதையில் அப்படி ஒன்றும் இல்லை. தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போனார், வந்தார். அவ்வளவுதான்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏசுநாதர் சொன்ன கதைகளில் எத்தனையோ ஆட்கள் வருகிறார்கள். விதைப்பவன் வருகிறான், மேய்ப்பன் வருகிறான், ஊதாரி மகன் வருகிறான். யாருக்கும் பெயர் கிடையாது. பெயர் சொல்லப்பட்ட ஒரே ஏழை லாசர்தான். பணக்காரருக்கும் பெயர் இல்லை.

அந்தப் பணக்காரர் நரகத்தில் இருந்துகொண்டு என்ன கேட்கிறார், தெரியுமா? நாக்கு வறள்கிறது, லாசரைத் தண்ணீரோடு அனுப்புங்கள் என்கிறார். அப்படியானால் லாசரின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது! பெயர் தெரிந்தும் ஒரு கவளம் சோறு போடவில்லை. செத்த பிறகும் அவரை ஏவல் ஆளாகத்தான் நினைக்கிறார். இதைவிடக் கூர்மையாக ஒரு மனிதரைப் படம் பிடித்துக் காட்ட முடியுமா?

கொல்லிமலையில் பிறந்தவர்

கதையில் பணக்காரர் நிற்காமல் போனார். தமிழ்நாட்டில் நின்று பார்த்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட்.

இவர் வெள்ளைக்காரர்; ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில். ஆண்டு 1914. தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். இருவரும் மலைவாழ் மக்களிடையே ஊழியம் செய்தவர்கள். 1929-ல் தந்தை மலேரியாவோடு வரும் கொடிய காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். தாய் மனம் தளரவில்லை. மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விட்டு இறங்க மறுத்து, மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். 1974-ல், 95-வது வயதில் காலமானார். அந்தத் தாயைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

மகன் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். பிறகுதான் லண்டனில் டாக்டருக்குப் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு செங்கற்பட்டில் உள்ள தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, விரல்களால் அழுத்தச் சொன்னார். விரல்கள் நகம் போல மடங்கிய கை அது. அதில் என்ன பலம் இருக்கப் போகிறது என்று நினைத்தார். நோயாளி பிடித்த பிடியில் டாக்டருக்கு உயிர் போயிற்று!

அந்த வலியில்தான் அவருக்கு உண்மை புலப்பட்டது. கையின் எல்லாத் தசைகளும் சாகவில்லை. சில நரம்புகள் மட்டும் பழுதாகி, சில தசைகள் செயல் இழந்திருக்கின்றன. முன்னங்கையில் நல்ல தசைகள் இருக்கின்றன. அந்த நல்ல தசையின் நாணை எடுத்து, செயல் இழந்த விரலில் இணைத்தால் என்ன? செய்து பார்த்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

விரல்கள் ஏன் தேய்கின்றன?

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி விழும் என்று உலகமே நம்பி வந்தது. டாக்டர்களும் நம்பினார்கள். பிராண்ட் நம்பவில்லை. நோயாளிகள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். சூடான பாத்திரத்தைக் கையால் தூக்குகிறார்கள், சுடவில்லை. காலில் ஆணி குத்துகிறது, தெரியவில்லை. நோய் வலி உணர்ச்சியைக் கொன்று விட்டது. வலி இல்லாததால் காயத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்காத காயம் புரையோடி விரலைத் தின்கிறது.

சிலருக்கு இரவோடு இரவாக விரலில் ஒரு துண்டு காணாமல் போயிற்று. இது என்ன மாயம்? இரவில் விழித்திருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்துக் கொண்டு போகிறது! தூங்குகிறவருக்கு வலி தெரியவில்லை. அன்று முதல் வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். பெரிய மருத்துவ ஆராய்ச்சி கடைசியில் பூனையில் வந்து நின்றது. பக்தி என்பது சில சமயம் பூனை வளர்ப்பதாகவும் இருக்கும்.

பிச்சை கிடைக்காத கை

இன்னொரு சங்கடம் வந்தது. கை நிமிர்ந்து, குணமாகி வீட்டுக்குப் போன சிலர் திரும்பி வந்தார்கள். "டாக்டர், இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சை எடுக்க முடியவில்லை" என்று குறைப்பட்டார்கள். மடங்கிய கையைப் பார்த்தால் இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள், நல்ல கையைப் பார்த்துப் போடவில்லை. அதே சமயம், தொழுநோய் வந்தவன் என்று வேலையும் கொடுக்கவில்லை. குடியிருக்க இடமும் கொடுக்கவில்லை.

குணப்படுத்தியது டாக்டரின் வேலை. அதோடு அவர் கை கழுவியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பிராண்ட் அப்படிச் செய்யவில்லை. வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கியது. அங்கே தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள். மர பொம்மைகள் செய்தார்கள். டாக்டர் இளமையில் கற்ற உளியும் ரம்பமும் இங்கே கை கொடுத்தன.

சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

பிராண்டுடன் பணி செய்தவர்களில் டாக்டர் மேரி வர்கீஸ் மறக்க முடியாதவர். கொச்சியில் 1925-ல் பிறந்தவர். வேலூரில் படித்து டாக்டரானார். 1954-ல் ஒரு மோட்டார் விபத்து. முகம் சிதைந்தது. முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போயிற்று. வயது 29 கூட ஆகவில்லை.

கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்காத மனம் உண்டா? மேரி பக்தி உள்ளவர். ஆனாலும் அவருக்கும் இருண்ட நாட்கள் இருந்தன. அப்போது பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்து கொண்டுதானே செய்கிறோம்? உன் கால் போனால் என்ன, கை இருக்கிறதே!

மேரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கால் உணர்ச்சி இல்லாத டாக்டர், கை உணர்ச்சி இல்லாத நோயாளிக்கு வைத்தியம்! வார்டில் அவருடைய நாற்காலி வருவதே நோயாளிகளுக்குப் பாதி மருந்தாக இருந்திருக்கும். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகெலும்பு முறிந்தவர்கள் மீண்டும் பிழைப்பு நடத்தக் கற்றுக்கொள்ளும் இடம் அது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் காலமானார்.

சுவர் எழுப்பியவர்களும் உண்டு

இவர்களைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தினால், அது பாதி உண்மைதான். அதே வேதத்தைப் படித்தவர்கள், அதே ஞானஸ்நானம் பெற்றவர்கள், கோவிலுக்குள்ளேயே சுவர் எழுப்பியதும் இந்தத் தமிழ்நாட்டில்தான். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் மாதிரிக்கு ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் அங்கு கட்டிய கோவிலில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து நின்றார்கள், நடுவே தடுப்பு. பீடம் ஒன்று, சாமியார் ஒருவர், பூசை ஒன்று. கும்பிடுகிறவர்கள் மட்டும் இரண்டு! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பை அகற்றினார்கள். சும்மா விட்டார்களா? வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து தோற்றார்கள்.

கோவிலுக்குள் சுவர் போன பிறகும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் நின்ற ஊர்கள் உண்டு. செத்த பிறகும் பக்கத்தில் படுக்கக் கூடாதாம்!

தொழுநோய் விஷயத்திலும் மனிதர்கள் மருந்தைவிட மெதுவாகவே நடந்தார்கள். 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து விட்டது. ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால், கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி, கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்துக்களுக்கான சட்டத்திலும் 2019 வரை இருந்தது. அந்த ஆண்டில்தான் பாராளுமன்றம் அதை நீக்கியது. மருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

நம் வீட்டு வாசலில்...

எல்லோரும் பிராண்ட் ஆக முடியுமா? முடியாது; ஆகவும் வேண்டாம். கத்தி பிடிக்கத் தெரியாதவர்கள் பிறர் கையை அறுக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் வாசல் எல்லோருக்கும் இருக்கிறது.

ராஜா அண்ணாமலைபுரமாகட்டும், வேறு எந்தப் பகுதியாகட்டும், அடுக்கு மாடி வீடுகளுக்கு விடிவதற்கு முன்பே வேலைக்கு வருகிற பெண்கள் எத்தனை பேர்! பல வீடுகளில் அவர்களுக்குக் காபி கிடைக்கிறது; ஆனால் தனி டம்ளரில். அந்த டம்ளர் ஜன்னல் ஓரமாகக் கவிழ்ந்து கிடக்கும். சில கட்டடங்களில் அவர்களுக்கு லிப்டே தனி. இந்த வழக்கம் எந்த ஒரு மதத்துக்கும் சொந்தம் அல்ல. ஆனால் ஒரே அப்பத்தில் பங்கு கொள்வதையே பெரிய சடங்காக வைத்திருக்கும் மதத்தில் பிறந்தவர் வீட்டில் அந்தத் தனி டம்ளர் இருந்தால், அதை அவர் எப்படி விளக்குவார்?

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். வீட்டார் எட்டு மணிப் பூசைக்குப் புறப்படுகிறார்கள். திரும்பி வரும்போது பிரியாணி தயாராக இருக்க வேண்டும். சமையல் செய்யும் அம்மாவும் கிறிஸ்தவராக இருக்கலாம். கழுத்தில் சிலுவை கூட இருக்கும். அவருக்கு எப்போது பூசை? வாரம் ஆறு நாள் வேலை செய்பவர் ஏழாம் நாளும் அடுப்படியில் நிற்கிறார், மற்றவர்கள் கடவுளைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுவதற்காக!

இதற்கு ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். நன்கொடை ரசீதும் வேண்டாம். சம்பளத்தை முதல் தேதியே கொடுத்துவிடலாம். டம்ளரை மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கழுவலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மாவைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டு, கறியைப் பத்து மணிக்கு மேல் அடுப்பில் ஏற்றலாம். சாப்பாடு இரண்டு மணி ஆகும்.