தூக்கிப் போடாதீங்க மக்கா, அது வெறும் கார்பன்!

டிஸ்கி: இது மோட்டார் பதிவு. ரிமோட் கார் ஓட்டுறதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்னு நினைக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம். அப்புறம் பின்னூட்டத்துல வந்து திட்டக் கூடாது :-)

தடைக்காலத்துல ஒரு நாள் பாம்பன்ல இருந்து ஒரு தம்பி வந்தான். கையில பிளாஸ்டிக் கவர், உள்ள ஒரு 540 மோட்டார். "அண்ணே, இது செத்துப் போச்சாம். பிரஷ்லெஸ் மாத்திருன்னு கடைக்காரர் சொல்றாரு" என்றான். கடை பெரிய ஊர்ல இருக்கு, பேர் வேண்டாம். இவன் போட்டோ அனுப்பியிருக்கான், அவர் போட்டோவைப் பார்த்தே இறப்புச் சான்றிதழ் கொடுத்துட்டார். கூடவே ஒரு பட்டியல்: புது மோட்டார், அதுக்கு புது ஸ்பீடு கன்ட்ரோலர், அதுக்கு லிப்போ பேட்டரி, அதுக்குத் தனி சார்ஜர். அவங்க அப்பா போட்டுக்குப் போறவர். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையிலதான் நிக்கும். அந்த நேரத்துல இந்தப் பட்டியலை வீட்டுல நீட்டினா என்ன நடக்கும்? காரையே வித்துருன்னுவாங்க. அவ்வளவுதான் கதை.

கழட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்து கார்பன் கூட்டுக்குள்ள இறுகிப் போய் உட்கார்ந்திருந்தது. தனுஷ்கோடி மணல்ல ஓட்டியிருக்கான். உப்பும் கார்பன் பொடியும் சேர்ந்து பசை மாதிரி ஆகி, ஸ்பிரிங் தள்ளினாலும் கார்பன் முன்னாடி வரலை. கம்யூடேட்டர் கரிச்சட்டி கலர்ல இருந்தது. இந்த மோட்டாருக்கு கம்யூடேட்டர்ல மூணே மூணு செம்புப் பட்டைதான். அதுல ஒண்ணு கரி மூடிடுச்சுன்னா சில இடத்துல நின்ன மோட்டார் தானா கிளம்பாது, விரலால தள்ளி விட்டாத்தான் சுத்தும். "தள்ளினா ஓடுதா?"ன்னு அந்தக் கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும். முக்கால் மணி நேர வேலை. புது ஸ்பிரிங் ஒண்ணு போட்டேன். மத்ததெல்லாம் துடைச்சதுதான்.

இப்ப என் கோபத்துக்கு வர்றேன்.

"பிரஷ் மோட்டார் செத்துப் போன டெக்னாலஜி"ன்னு நம்ம ஆளுங்களே எழுதுறீங்க. ரேஸ்ல அது தோத்துப் போச்சு, மறுக்கலை. 2000-களின் நடுவுல இருந்தே பிரஷ்லெஸ் உள்ள வந்துடுச்சு. உரசல் இல்லை, பொறி இல்லை, அதே பேட்டரிக்கு அதிக நேரம் ஓடும். பெரிய போட்டிக்குப் போறவன் அதைத்தான் வாங்கணும். ஆனா செத்துப் போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்க வீட்டு மிக்ஸியைக் கேட்டுப் பாருங்க. தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது உள்ள ஒரு நீலப்பொறி தெரியுதே, அது யாரு? கார் கண்ணாடியை ஏத்தி இறக்குறது, வைப்பர் ஆட்டுறது எல்லாம் பெரும்பாலும் யாரு? நம்ம தாம்பரம் மெப்ஸ்ல இருக்கிற இகராஷி மோட்டார்ஸ் கார் கம்பெனிகளுக்குச் சின்ன டி.சி. மோட்டார் செஞ்சு கப்பல்ல ஏத்தி வளர்ந்த கம்பெனி. பாறை மேல ஏறுற கிராலர் வண்டிக்கு இன்னைக்கும் பிரஷ் மோட்டாரோடதான் பல செட் வருது. ஏன்னா சென்ஸார் இல்லாத பிரஷ்லெஸ் மெதுவா கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கும், இது இழுக்காது.

"உப்புக் காத்துக்கு பிரஷ்லெஸ்தான் சரி, மெயின்டனன்ஸே வேண்டாம்" — இதான் அடுத்த வாதம். யாரு சொல்றது? கோயம்புத்தூர்ல உட்கார்ந்திருக்கிறவர். ஐயா, இது ராமேஸ்வரம் கரை. 1914-ல திறந்த பாம்பன் பாலத்தை உப்புக் காத்துல இருந்து காப்பாத்த எத்தனை தலைமுறை பெயிண்ட் அடிச்சிருக்கும்! அப்படியும் தூக்குப் பாலத்துல அரிப்பு முத்திப் போய் 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்துனாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் பூச்சு, துருப்பிடிக்காத கம்பின்னு என்னென்னவோ போட்டிருக்காங்க. இந்தக் காத்துல மெயின்டனன்ஸ் இல்லாத பொருள்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பிரஷ்லெஸ்லயும் பேரிங் இருக்கு, துரு பிடிக்கும். அதோட ஸ்பீடு கன்ட்ரோலர் போர்டுல உப்புத் தண்ணி இறங்கிட்டா என்ன பண்ணுவீங்க? ராம்நாட்டுல எந்தக் கடையில அதைச் சரி பண்றது? பிரஷ் மோட்டார்னா அரண்மனைப் பக்கம் பம்ப்செட்டுக்கு காயில் கட்டுற பாய் கடையில போய் நின்னா, அவர் ஆர்மேச்சரை ஒரு தடவை உருட்டிப் பார்த்துட்டே வியாதியைச் சொல்லிடுவார்.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்ட ஒரு விஷயம். கார்பன் தேஞ்சா நம்ம ஆளுங்க மிக்ஸி கார்பனை அராவி மாட்டுறாங்க. செய்யாதீங்க. மிக்ஸி 230 வோல்ட்ல ஓடுறது, அந்தக் கார்பனுக்கு மின்தடை அதிகம். நம்ம கார் 7.2 வோல்ட். கார்பன்லயே வோல்டேஜ் போயிட்டா மோட்டாருக்கு மிச்சம் என்ன இருக்கும்? பைக் செல்ஃப் மோட்டார் கார்பனைப் பாருங்க, லேசா செம்பு மினுமினுப்பு தெரியும். செம்புப் பொடி கலந்தது. 12 வோல்ட்ல பெரிய கரன்ட் போறதுக்குன்னே செஞ்சது. அதை வாங்கி எண்ணூறாம் நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு அளவுக்குக் கொண்டு வாங்க. வால் மாதிரி ஒரு பின்னல் வயர் இருக்கும், அதை வெட்டிடாதீங்க. வெட்டினா கரன்ட் எல்லாம் ஸ்பிரிங் வழியாப் போகும், ஸ்பிரிங் சூடாகி சுருண்டு படுத்துடும்.

நம்ம பக்கத்து ஆளுங்களையும் விடுறதா இல்லை. பிரஷ் மோட்டாருக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததே பாதி அவங்கதான். கம்யூடேட்டர் மேல தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு மகானை எனக்குத் தெரியும். எண்ணெய் போக வேண்டியது ரெண்டு முனையில இருக்கிற புஷ்ஷுக்கு, அதுவும் ஊசி முனையில ஒரு சொட்டு. கம்யூடேட்டர்ல பட்டா கார்பன் பொடியோட சேர்ந்து அரைச்ச மாவாயிடும். இன்னொருத்தர் பெட்ரோல்ல கழுவிட்டு ஈரத்தோட பேட்டரியைக் கொடுத்தார். பொறி வர்ற மோட்டார் ஐயா அது! புருவம் மட்டும் போச்சு, நல்ல காலம்.

அப்புறம் இந்தத் தண்ணி வைத்தியம். புது மோட்டாரைத் தண்ணிக்குள்ள முக்கி ஓட்டினா கார்பன் சீக்கிரம் வளைவுக்கு ஏத்த மாதிரி தேய்ஞ்சு பொருந்தும், அது நிஜம். ஆனா நம்ம ஊர் போர் தண்ணியிலயா? வாய் கொப்பளிக்கவே யோசிக்கிற தண்ணி. அதைவிட 2 வோல்ட், 3 வோல்ட்ல பாரமில்லாம சும்மா சுத்த விடுங்க, அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆற விடுங்க. பொறுமை இல்லாதவனுக்குத்தான் தண்ணி வேணும்.

டைமிங் பத்தியும் சொல்லணும். பின் மூடியை சுத்துற திசைக்கு எதிரா கொஞ்சம் திருப்பினா வேகம் கூடும். ஆர்மேச்சர்ல கரன்ட் ஓடும்போது அதோட காந்தப்புலம் மெயின் புலத்தை இழுத்துச் சாய்க்குது, பொறி குறைவா வர்ற இடமும் அதோட பின்னாடி நகருது, நாம கார்பனை அந்த இடத்துக்குக் கொண்டு போறோம். அவ்வளவுதான். ஆனா நம்ம பசங்க "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு திருப்பிக்கிட்டே போறது. கரன்ட் ஏறும், சூடு ஏறும், பொறி பூவாணம் மாதிரி பறக்கும், ரிவர்ஸ் எடுத்தா வண்டி அழும். அதோட ஒரு பல்லு பெரிய பினியனையும் மாட்டிட்டு மூணாவது ரவுண்டுல "மோட்டார் சரியில்லை"ங்கிறது. உள்ள இருக்கிற ஃபெரைட் காந்தம் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.2 சதவீதம் பலம் இழக்கும். 100 டிகிரி ஏத்தினா அஞ்சுல ஒரு பங்கு காந்தம் காணோம். பலம் குறைஞ்ச மோட்டார் அதே வேலைக்கு இன்னும் கரன்ட் இழுக்கும், இன்னும் சூடாகும். ஓட்டி முடிச்சதும் கையை வச்சுப் பாருங்க. மூணு எண்ணுறதுக்குள்ள கை எடுக்கணும்னா பினியனைச் சின்னதாக்குங்க. இதுக்கு இன்ஜினியரிங் காலேஜ் போகணுமா என்ன?

கடற்கரையில ஓட்டாதீங்கன்னு நான் சொன்னாலும் கேட்கப் போறதில்லை. மணல்ல காந்தத்துக்கு ஒட்டுற கறுப்புப் பொடி இருக்கு, நாமெல்லாம் சின்ன வயசுல ஸ்பீக்கர் காந்தத்தை வச்சு அள்ளினதுதான். அது உள்ள போனா எளிதுல வெளிய வராது. காத்து ஓட்டைகள்ல பழைய நைலான் சாக்ஸ் துணியை இறுக்கிக் கட்டுங்க, வீட்டுக்கு வந்ததும் கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய வச்சு, புஷ்ஷுக்கு ஒரு சொட்டு எண்ணெய். கழட்டும்போது ஷாஃப்ட்ல இருக்கிற மெல்லிய வாஷர் எந்தப் பக்கம் எத்தனைன்னு எழுதி வச்சுக்கோங்க. நான் எழுதி வைக்காம ஒரு மோட்டாரைக் காவு கொடுத்தவன்.

நாங்க ஓட்டுறது கோடையில வத்திப் போன கண்மாய்ல. தரை சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும், சுத்தி சீமைக் கருவேலம். டயருக்குள்ள காத்தே இல்லை, ஸ்பாஞ்சுதான், அதனால முள்ளுக்கு பயம் கிடையாது. அந்தப் பாம்பன் தம்பியும் வந்தான். கடைசியாத்தான் முடிச்சான். மோட்டார் மேல குத்தம் இல்லை, ஒரே வளைவுல ரெண்டு தடவை குட்டிக்கரணம் அடிச்சா யாருதான் ஜெயிக்க முடியும்? முடிச்ச உடனே மோட்டார் மேல கையை வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டு என்னைப் பார்த்தான். ஏழு வரைக்கும் எண்ணினான்.

பதிவர் மக்கள் யார் வீட்டுப் பரண்லயாவது "செத்துப் போன" 540 கிடந்தா எனக்கு அனுப்புங்க. கூரியர் செலவு என்னோடது. நாலு பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க.