போருக்கு ஒரு விலை

'சிவிலைசேஷன்' விளையாடும் தோழர்களுக்கு இந்தத் தந்திரம் தெரிந்திருக்கும். பக்கத்து நாட்டின் படை நம் எல்லையில் குவிகிறது. நம்மிடம் இருப்பது இரண்டு வில்லாளர்கள். உடனே பேச்சுவார்த்தைத் திரையைத் திறந்து, அந்த மன்னனுக்கு நம்மிடமுள்ள தொழில்நுட்பம் ஒன்றைக் கொடுத்து, "பதிலுக்கு அவன்மீது போர் தொடு" என்று வேறொரு கணினி மன்னனைக் கைகாட்டுகிறோம். படை திரும்பிப் போய்விடும். அவர்கள் அடித்துக்கொள்ளும் காலத்தில் நாம் நிம்மதியாக நூலகம் கட்டலாம்.

"விளையாட்டில் என்ன அரசியல்?" என்று கேட்பவர்கள், 2005-இல் வந்த நான்காம் பதிப்பின் விதிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதில் எல்லாப் போரையும் வாங்கிவிட முடியாது. இரு நாடுகளும் நெருங்கிய நட்பில் இருந்தால், நண்பனைக் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று கணினி மறுத்துவிடும். அள்ளிக் கொடுத்தாலும் மசியாது. எனவே தேர்ந்த ஆட்டக்காரர் முதலில் தேடுவது, யாருக்கு யார்மேல் ஏற்கெனவே புகைச்சல் என்பதைத்தான். லஞ்சம் பகையை உண்டாக்குவதில்லை. இருக்கிற பகையை மலிவாக வாங்கிக்கொள்கிறது. பல சமூகவியல் பாடநூல்களைவிட இந்த விதி தெளிவாகப் பேசுகிறது என்பேன்.

அதே பதிப்பில், தாக்கப்பட்டவர் கூலி கொடுத்தவரையும் மறப்பதில்லை. 'எங்களுக்கு எதிராக ஆள் சேர்த்தாய்' என்ற கணக்கு நம் பெயரில் ஏறிவிடும். ஆனால் போர்ச் சலிப்பு நம் நகரங்களுக்கு வராது. நீண்ட போரில் மக்கள் முகம் சுளிப்பதெல்லாம் சண்டை போடுகிறவனின் ஊரில்தான். 2010-இன் ஐந்தாம் பதிப்பு நமக்கு இன்னும் வசதி. 'போர்வெறியன்' என்ற முத்திரை போர் தொடுத்தவன்மேல் விழுகிறது, காசு கொடுத்தவன் நல்லவனாகவே உலாவுகிறான். எனக்கு நான்காம் பதிப்புதான் நேர்மையாகப் படுகிறது.

இது கற்பனையும் அல்ல. நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பிரிட்டன் ஐரோப்பிய அரசுகளுக்குத் தொடர்ந்து பணம் கொடுத்தது. 1814 மார்ச்சில், பிரான்சின் ஷோமோன் ஊரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா, பிரிட்டன் ஆகிய நான்கும் தலா 1,50,000 வீரர்களைக் களத்தில் நிறுத்த வேண்டும். மற்ற மூவருக்கும் சேர்த்து அந்த ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு பிரிட்டன் தரும். பின்னாளில் கூட்டாளி ஒருவர் தாக்கப்பட்டால், உதவிக்கு ஆள் அனுப்புவதற்குப் பதிலாகப் பிரிட்டன் பணமாகவே கட்டலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள். காலாட்படை வீரன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு, குதிரைப்படை வீரனுக்கு 30. குதிரைக்காகத்தான் அந்தப் பத்துப் பவுண்டு கூடுதல் போலும்! அந்த மூன்று அரசுகளுக்கும் நெப்போலியனோடு தீராத சொந்தக் கணக்கு இருந்தது. பணம் வேலை செய்தது அதனால்தான்.

விளையாட்டுக்கே திரும்புகிறேன். கணினி மன்னர்களும் தங்களுக்குள் இதே பேரம் பேசுவார்கள். குறி நாமாகவும் இருக்கலாம். அப்போது மதில் மட்டும் போதாது. அண்டை நாட்டோடு பல காலம் வணிகம் செய்திருக்க வேண்டும், அவர்கள் கேட்ட நேரத்தில் உதவியிருக்க வேண்டும். அப்படி இருந்தால், நம் தலைக்கு விலை பேச வருபவரிடம் அந்தக் கணினி மன்னன் முடியாது என்று சொல்லிவிடுவான்.