நஞ்சுக்கொடியில் எது யாருடையது?

1754 மே மாதம் லண்டனில், பிரசவ நாள் நெருங்கும்போது இறந்துபோன ஒரு பெண்ணின் கருப்பை நாளங்களில் காலின் மெக்கன்சி என்ற மருத்துவர் நிறமேற்றிய மெழுகை உருக்கிச் செலுத்தினார். உடற்கூற்றியலாளர் ஜான் ஹண்டரையும் வரவழைத்து அறுத்துப் பார்த்தார். நஞ்சுக்கொடியின் இடுக்குகளில் மெழுகு திட்டுத்திட்டாக உறைந்து கிடந்தது. குழந்தையின் நாளங்களுக்குள் ஏறவே இல்லை. தாயின் ரத்தம் நேரே குழந்தைக்குள் ஓடுகிறது என்று கேலன் காலத்திலிருந்து சொல்லிவந்தது அதோடு அடிபட்டுப் போனது. (அந்தப் பெருமை யாருக்கு என்று 1780இல் ஜானும் அண்ணன் வில்லியமும் முட்டிக்கொண்டது தனிக்கதை.)

ரத்தம் வேறு வேறுதான். ஆனால் மருத்துவ உலகம் அதையே நீட்டி, இரண்டு உடல்களும் ஒட்டாமல் இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டது. தந்தையின் பாதியைச் சுமக்கும் கருவைத் தாயின் உடல் ஏன் தள்ளிவிடவில்லை என்று 1953இல் கேட்ட உயிரியலாளர் பீட்டர் மெடவார்கூட, இந்தப் பிரிவினையை ஒரு காரணமாகச் சொன்னார்.

பிரிவினை முழுமையானதல்ல என்பதற்கு, அவர் கேட்பதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே சாட்சி வந்துவிட்டது. வலிப்பு கண்டு இறந்த 17 கர்ப்பிணிகளின் உடல்களை ஆராய்ந்த ஜெர்மானியர் கியோர்க் ஷ்மோர்ல், அவர்களின் நுரையீரல் நுண்நாளங்களில் பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள் சிக்கியிருந்ததை 1893இல் எழுதினார். அவை நஞ்சுக்கொடியின் செல்கள். அதாவது கருவிலிருந்து வந்தவை. நோயின் வினோதம் என்று அதை ஒதுக்கிவைத்ததுதான் பிழை. 1969இல், ஆண் குழந்தையைச் சுமந்த பெண்களின் ரத்தத்தில் ஒய் குரோமோசோம் கொண்ட செல்கள் தென்பட்டன. மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன தாயிடமும் அவை இருந்ததை 1996இல் டயானா பியாங்கியின் குழு காட்டியது.

நஞ்சுக்கொடிக்குள்ளேயே கலப்பு இன்னும் ஆழமானது. கருவின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருள் தமனிகளின் உட்பூச்சைப் பெயர்த்துவிட்டுத் தாங்களே அங்கே அமர்கின்றன, குழாய் அகலமாகிறது. அவற்றைச் சூழ்ந்து தாயின் நோயெதிர்ப்புச் செல்கள் குவிகின்றன. தடுப்பதற்கு மட்டுமல்ல, வழிவிடவும். இந்த வேலை அரைகுறையானால் தமனிகள் குறுகலாகவே நின்றுவிடும். கர்ப்பகால ரத்த அழுத்தம் ஏறக்கூடும், முற்றினால் வலிப்பு வரலாம். ஷ்மோர்ல் பார்த்த பெண்களைக் கொன்றதும் இந்த நோய்தான். 2018இல் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 70,000 செல்களை ஒவ்வொன்றாகப் படித்து, எது தாயுடையது, எது கருவுடையது என்று பிரித்துக் காட்டினார்கள்.

பிள்ளையின் செல் தாயின் இதயத்தைக் காக்கிறது என்று உருகுகிறவர்கள் உண்டு. மனிதரில் அது இன்னும் நிறுவப்படவில்லை. நடைமுறையில் நமக்குப் பயன்படுவது வேறு. 1997இல் டென்னிஸ் லோ என்ற ஆய்வாளர் தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏவைக் கண்டார். இன்று டவுன் குறைபாட்டுக்கான ஒரு ரத்தப் பரிசோதனை அதை வைத்துத்தான் நடக்கிறது. அந்த டிஎன்ஏ பெரும்பாலும் நஞ்சுக்கொடி உதிர்த்தது. நஞ்சுக்கொடியும் குழந்தையும் குரோமோசோமில் வேறுபடுவது எப்போதாவது நடக்கும். ஆகவே குறைபாட்டுக்கு வாய்ப்பு அதிகம் என்று அந்தப் பரிசோதனை சொன்னாலும், பனிக்குட நீரை எடுத்துப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.