ஓட்டுறது நாம... பாலிசி யார் பேர்ல?

எங்க ஊர் ரயில்வே ஸ்டேஷனில் புத்தம்புது கார்களை கூட்ஸ் வண்டியில் ஏற்றுவதைச் சின்ன வயசிலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். வாலாஜாபாத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. ஒரகடம் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் வேன், கம்பெனி கேப், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூப்பிட்டால் வரும் ஆக்டிங் டிரைவர்... இவர்களில் எத்தனை பேருக்குச் சொந்தமாக வண்டி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த யோசனை எனக்கு வந்ததே சுயநலத்தில்தான். லைசென்ஸ் கைக்கு வந்ததும் நண்பர்களோடு ஏலகிரி போக மாமாவிடம் காரைக் கேட்டேன்.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல மாமா?"

"இருக்குடா."

"எனக்கு?"

மாமா முழித்தார். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நம்ம ஊரில் பாலிசி வண்டியோடு போகிறது, ஓட்டுகிற ஆளோடு இல்லை. லைசென்ஸ் உள்ளவன் மாமாவின் அனுமதியோடு ஓட்டி யார் மேலாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்கு அந்த வண்டியின் தேர்ட் பார்ட்டி பாலிசி கொடுக்கும். நல்ல ஏற்பாடு. (பாலிசி காலாவதியாகி இருந்தால் உரிமையாளரோடு சேர்த்து ஓட்டினவன் தலையிலும் விழும். முதலில் தேதியைப் பாருங்கள்.) அமெரிக்காவில் கார் இல்லாதவர்களும் தங்கள் பெயரில் ஒரு பாலிசி வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவும் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்குத்தான். நமக்கு இருக்கிற ஓட்டை வேற.

ராத்திரி நேரம், தூக்கக் கலக்கம், வண்டி புளியமரத்தில் மோதுகிறது. எதிர் வண்டி எதுவும் இல்லை. ஓட்டினவருக்கு என்ன கிடைக்கும்? ஓட்டினவர் உரிமையாளராக இருந்தால் 15 லட்ச ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு இருக்கிறது. காருக்கு 2 லட்சம், டூவீலருக்கு 1 லட்சம் என்று இருந்ததை உயர்த்தச் சொல்லி 2017-ல் உத்தரவிட்டது நம்ம சென்னை உயர் நீதிமன்றம்தான். 2018-ல் அது 15 லட்சம் ஆனது. ஆனால் அதை வாங்க ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வண்டி இல்லாதவன் ஆசைப்பட்டாலும் வாங்க முடியாது!

கோர்ட்டுக்குப் போனால்? இரவல் பைக்கில் போய் மாட்டு வண்டியில் மோதி இறந்த ஒருவரின் குடும்பம் கேட்ட வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவல் வாங்கி ஓட்டுபவர் அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். தன்னிடமே தான் நஷ்டஈடு கேட்க முடியாது. 2020-ல் வந்த இன்னொரு தீர்ப்பும் இதையே சொன்னது. பாலிசியில் உரிமையாளருக்கு எழுதியிருந்த 1 லட்சம் மட்டும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. அதற்கே டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கொடுக்க வேண்டாம் என்னும்போது இரவல்காரன் உரிமையாளர் மாதிரி என்றால், 15 லட்சத்துக்கும் அவன் உரிமையாளர் மாதிரிதானே? அதைப் பாலிசியிலேயே தெளிவாக எழுதி வைத்தால் என்ன? இல்லையென்றால் அந்தக் காப்பீட்டை லைசென்ஸ் வைத்திருக்கும் யாரும் வாங்கலாம் என்று விடுங்கள். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில், புது வண்டிகளுக்கு ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து 5 வருடம் முழுப் பாலிசி கட்டாயம் என்று ஓர் உத்தரவு வந்தது. அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவுதான் கதை.

சம்பளத்துக்கு ஓட்டுபவர் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. பாலிசியில் 'பெய்டு டிரைவர்' என்று ஒரு வரி உண்டு. வருடத்துக்கு 50 ரூபாய். ஆனால் காலையில் போன் பண்ணி மதியம் வந்த ஆக்டிங் டிரைவர், தான் கூலிக்குத்தான் ஓட்டினேன் என்று எந்தக் காகிதத்தை வைத்து நிரூபிப்பார்?

நம்ம பசங்களுக்கு ஒரு வார்த்தை. டூருக்கு ஓன் போர்டு காரை நாள் வாடகைக்கு எடுக்கிறீர்களே, சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகை ஓட்டம் சேராது. ஏதாவது ஆனால் கம்பெனிக்காரன் முதலில் நோண்டுவது அதைத்தான். எடுப்பதானால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து போட்ட வண்டியாகப் பார்த்து எடுங்கள்.

நான் இப்போதைக்குச் செய்தது, பேங்க் கணக்கு வழியாகப் பிரதமர் சுரக்ஷா பீமாவில் சேர்ந்ததுதான். வருடம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். யார் வண்டியை ஓட்டினாய் என்று அதில் கேள்வி இல்லை. 15 எங்கே, 2 எங்கே என்பது வேறு விஷயம்.

மாமாவின் பாலிசியையும் வாங்கிப் பார்த்தேன். 'பெய்டு டிரைவர்' வரிக்கு நேராக ஒன்றுமே இல்லை. வருஷா வருஷம் குலதெய்வம் கோயிலுக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போவது பக்கத்துத் தெரு ஆக்டிங் டிரைவர் அண்ணன்தான். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது அந்த 50 ரூபாயைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மாமா தலையாட்டியிருக்கிறார், பார்ப்போம்.