அவர் பூசிக்கொள்கிறார்; நமக்கு மணக்கிறது!

காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் கைக்குட்டையை நனைத்துப் போடுவார்களே, அந்த ‘ஓடிகொலோன்’ உங்களுக்கு நினைவிருக்கிறதா? நம் பாட்டிமார் அதை மருந்து அலமாரியில், தைலப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதன் பேரப்பிள்ளை இன்று நம் வீட்டு ஆண்பிள்ளைகளின் கண்ணாடிக்கு முன்னால், நீல நிறப் புட்டியில் கொலுவிருக்கிறது. மேலே ‘ஆண்களுக்கு’ என்று எழுத்து வேறு!

எழுதிவிட்டுப் போகட்டும். பூசிக்கொள்வது அவர்கள், நாளெல்லாம் முகர்வது யார்? பக்கத்தில் இருக்கிற நாம்தானே! ஆகவே இரு தரப்பு அபிப்பிராயத்தையும் கேட்டுவிடுவது என்று போன வாரம் கடலூருக்குப் புறப்பட்டேன்.

வெள்ளிக் கடற்கரையில் கல்லூரி மாணவர் ஒருவர் அகப்பட்டார். “புதுசா வந்திருக்கிற கொலோன், மேடம். அப்படியே கடல்காற்று!” என்றார் பெருமையாக. பக்கத்தில் மாங்காய்க் கீற்று விற்றுக்கொண்டிருந்த அம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கடலு இங்கே இருக்குது, தம்பி. கிட்டே வா” என்று முகர்ந்து பார்த்துவிட்டு, “இது வெள்ளரிப்பழம்!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாளின் மூக்குக்கு ஒரு பவுன் போடலாம். ‘கலோன்’ என்று ஒரு ரசாயனப் பொருள் உண்டு. 1966-ல் ஃபைசர் என்ற மருந்துக் கம்பெனியில் கண்டெடுத்தது. இம்மியளவு சேர்த்தாலும் கடலோரக் காற்றைப் போலவும், அறுத்த பழத்தைப் போலவும் ஒரு மணம் தரும். கொலோன்களில் ‘கடல்’ மணம் என்று வருவதில் பெரும்பகுதி இதன் கைங்கரியந்தான்.

அங்கிருந்து மஞ்சக்குப்பத்தில் ஒரு பாங்க் அதிகாரியின் வீட்டுக்குப் போனேன்.

“கொடுத்த காசுக்குப் போதாது. போட்ட பத்தாவது நிமிஷம் வாசனை போய்விடுகிறது” என்று குறைப்பட்டுக்கொண்டார் அவர்.

“போய்விடுகிறதா! இவர் ஆபீஸுக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆனாலும் மாடிப்படியில் நிற்கிறது. அதுவும் என்ன வாசனை? சோப்புத்தூள் வாசனை!” என்றார் அவருடைய மனைவி.

இதில் யார் சொல்வது பொய்? இருவர் சொல்வதும் நிஜம். ஒரே மணத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும். பூசிக்கொண்டவருக்கு மணம் போய்விட்டதாகத் தோன்றும். இன்னும் இரண்டு தரம் அடித்துக்கொள்வார். அவஸ்தை நமக்கு! சோப்புத்தூள் சங்கதியும் சரிதான். பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து தயாராகும் ‘டைஹைட்ரோமிர்சினால்’ என்ற சரக்கு, சலவைத் தூளிலும் உண்டு, ஆண்களின் கொலோனிலும் உண்டு. ‘குளித்துவிட்டு வந்த புத்துணர்ச்சி’ என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

மத்தியானம் சிதம்பரம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் ஆருத்ராவுக்கும் சந்தனமும் பன்னீரும் குடம் குடமாக அபிஷேகமாகிற ஊர். வாசனையைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கீழவீதியில் பூக்காரம்மாள் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அண்ணாமலை நகர் மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

“பூ மணமெல்லாம் பெண்களுக்கு, மேடம். எங்களுக்கு இந்த மாதிரி ஃப்ரெஷ்ஷாக இருக்க வேண்டும்” என்றார்.

அவருக்கு ஒரு கதை சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்குக் குடியேறிய ஃபரீனா என்ற இத்தாலியரின் குடும்பம் 1709-ல் கடை வைத்தது. அந்த ஊர்ப் பெயர்தான் நம் புட்டிக்கு நிலைத்துவிட்டது. எலுமிச்சை, ஆரஞ்சு வகையறாத் தோலின் எண்ணெயைச் சாராயத்தில் கரைத்த அந்த மணம், சீக்கிரமே பறந்துவிடும். 1966-ல் கிறிஸ்டியன் டியோர் கம்பெனிக்காக எட்மோன் ருட்னிட்ஸ்கா என்ற வாசனை நிபுணர் ‘ஓ ஸொவாஜ்’ என்ற ஆண்கள் கொலோனை உருவாக்கினார். அதில் எலுமிச்சை மணத்துக்குப் புது மலர்ச்சி கொடுத்தது ‘ஹெடியோன்’ என்ற செயற்கைப் பொருள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜாதிமல்லியின் மணத்தை ஆராய்ந்தவர்கள், அதிலிருந்த ஒரு பொருளை அடியொற்றிச் சோதனைச் சாலையில் செய்தது! இன்று எத்தனையோ ஆண்கள் கொலோன்களில் ஹெடியோன் இருக்கிறது.

“அட, நம்ம பூவா!” என்றார் பூக்காரம்மாள். “அப்போ ஒரு முழம் வாங்கிக்கிட்டுப் போ, தம்பி!”

இந்தச் சிரிப்போடு கட்டுரையை முடித்திருப்பேன். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் முடிக்க விடவில்லை.

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் சாலையில், ஊருக்கு முன்னால் சிப்காட் தொழிற்பேட்டை வரும். 1980-களில் ஏற்பட்ட ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைந்த இடம். அந்த அம்மாளின் கணவர் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி. மகன் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கொலோன் வாங்கித் தந்தானாம்.

“பஸ்ஸிலே யாரும் மூஞ்சியைச் சுளிக்கக் கூடாதுன்னு, வேலை விட்டதும் அதை அடிச்சுக்கிட்டு வர்றாரும்மா. முன்னேயெல்லாம் வாசல்லே நுழையும்போதே, இன்னிக்கு எந்த வேலையிலே நின்னாருன்னு சட்டை வாசனையிலே எனக்குத் தெரிஞ்சுடும். ‘இன்னிக்கு நெடி ஜாஸ்தியா இருக்கே, கண்ணு எரியுதா, மாரு அடைக்குதா’ன்னு கேப்பேன். இப்போ பூ மாதிரி மணக்குறாரு. ஆனா ராத்திரி இருமல் மட்டும் இருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2004-ல் இந்த சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள், எந்த வேளையில் என்ன நெடி வீசுகிறது என்று மூக்கையே கருவியாக வைத்துக் குறித்தார்கள். வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து, அமெரிக்கப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். நச்சு வாயுக்கள் கலந்திருப்பது அதில் தெரிந்தது. படித்தவர்கள் கண்டுபிடிக்கு முன்னால், வீட்டுப் பெண்களின் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. அந்த மூக்கைக் கொலோன் ஏமாற்றலாமா?

“அப்புறம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

“சட்டம் போட்டுட்டேம்மா! வந்ததும் சட்டையைத் திண்ணையிலே கழட்டணும். நான் முகந்து பாத்துட்டுத் தனியாத் துவைப்பேன். அவரு குளிக்கணும். அதுக்கப்புறம் பையன் வாங்கின சென்ட்டு எவ்வளவு வேணும்னாலும் அடிச்சுக்கட்டும்!”

அந்த அம்மாளின் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம்: சட்டையை முகர வேண்டாம், அந்தத் தூள் நம் மூச்சிலும் போகும். கேட்டுத் தெரிந்துகொள்வோம். எல்லா நஞ்சும் நாறுவதில்லை. அழுகின முட்டை போல் நாறும் ஹைட்ரஜன் ஸல்ஃபைடு அளவு மிஞ்சினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆகவே இருமல் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். என்ன பொருளோடு வேலை என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

மற்ற வீடுகளுக்கு மூன்றே வார்த்தை. கொலோனில் பெரும் பங்கு சாராயம். ஆகவே அடுப்பு, குத்துவிளக்குப் பக்கத்தில் வேண்டாம். கைக்குழந்தையும் இழுப்புக்காரர்களும் இருக்கும் அறையில் வேண்டாம். எத்தனை தரம் அடித்துக்கொள்வது என்பதை அவர் மூக்கைக் கேட்காமல் உங்கள் மூக்கைக் கேட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள்.

கடலூரில் இறங்கும்போது அந்த அம்மாள் சொன்னார்: “வாசனை நல்ல வாசனைதாம்மா. பையன் ஆசையா வாங்கினது. ஆனா மொதல்லே மனுஷன் வாசனை எனக்குத் தெரியணும்.”

நான் கேட்ட அபிப்பிராயங்களுக்குள் இதற்குத்தான் முதல் பரிசு!