வீட்டுக்குள் ஒரு மொரப்பூர் லயன்

பொம்மை ரயிலைக் கண்டு மயங்காத குழந்தை உலகத்தில் இல்லை. குழந்தையைச் சாக்கிட்டு வாங்கிவிட்டுத் தாமே தரையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கும் தகப்பனார்களும் அநேகர் உண்டு. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. 1891-ல் ஜெர்மனியிலுள்ள மார்க்லின் கம்பெனியார் அளவு நிர்ணயித்த தண்டவாளங்களோடு பொம்மை ரயிலை லைப்ஸிக் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அந்நாள் முதல் பெரியவர்களும் இந்த விளையாட்டில் பங்கு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் தேசத்திலும் பூனா நகரில் ஸ்ரீ ஜோஷி என்பவர் தம் ஆயுட்கால உழைப்பினால் சேர்த்த சிறு ரயில்கள் 1998-ல் ஒரு காட்சிசாலையாகவே திறக்கப்பட்டன.

ஆனால் ஒரு விஷயம் நம் மனத்தை உறுத்துகிறது. வீடுகளில் பலகையின்மேல் ரயில் அமைப்பவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? பனி மூடிய மலை, கூர்ங்கூரை வைத்த ஐரோப்பிய ஸ்டேஷன், பைன் மரங்கள்! தர்மபுரியில் வசிக்கும் குழந்தைக்கு ஸ்விட்ஸர்லாந்து எதற்கு? அதன் ஊருக்கே சொந்தமாக ஒரு சின்ன ரயில் இருந்ததே!

அந்தக் கதை இன்று அநேகருக்குத் தெரியாது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தனி ஜில்லாவானது 1965-ல்தான். மழை பொய்த்தால் பஞ்சம் வந்து நிற்கும் மேட்டுப் பிரதேசம் அது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவந்து சேர்ப்பதற்கு உதவுமென்று, மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதை ஒன்று போடப்பட்டு 1906-ல் திறக்கப்பட்டது. பிறகு 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, 1941-ல், மூடப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. ஜனங்களைப் பட்டினியிலிருந்து காப்பதற்கென்று வந்த ரயில், ஜனங்களை ஒரு வார்த்தை கேட்காமலே போய்விட்டது. அதில் பிரயாணம் செய்ததாகச் சொல்லக்கூடிய கிழவர்கள் இன்று எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

ஆகவே, அந்த ரயிலை நம் வீட்டுப் பலகையில் மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம் என்பது நமது யோசனை.

முதலில் கணக்கு. உலகெங்கும் வழங்கும் ஓர் அளவு, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர், இந்த அளவில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் ஆகிறது. கடைகளில் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் நமக்காகவே செய்தாற்போல் பொருந்திவிடும். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குப் பதினெட்டு மைலுக்குச் சற்று அதிகம். அதை அப்படியே அமைக்க வேண்டுமானால் 1,100 அடி நீளமுள்ள வீடு வேண்டும்! எனவே மொரப்பூர் ஸ்டேஷன் ஒன்றே போதும். எட்டடி நீளம், இரண்டடி அகலமுள்ள ஒட்டுப்பலகை நிஜத்தில் சுமார் 700 அடியைக் காட்டும். பெரிய லயனில் வந்திறங்கிய மூட்டைகளைச் சின்ன வண்டிக்கு மாற்றி ஏற்றும் இடம் அது. இரண்டு அகலப் பாதைகள் சந்தித்தால் எவ்வளவு வேலை, எவ்வளவு தாமதம் என்பதைக் குழந்தைகள் தம் கையாலேயே உணர்ந்துகொள்வார்கள்.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் தத்துவம் எளியது. இரண்டு தண்டவாளங்களும் ஒன்றையொன்று தொடாத இரு கம்பிகளே. 12 வோல்ட் நேர் மின்சாரம் ஒன்றின் வழியாகச் சென்று, சக்கரம் வழியே இஞ்சினுக்குள் ஏறி, மோட்டாரைச் சுழற்றி, மற்றொன்றின் வழியாகத் திரும்புகிறது. கம்பிகளை இடம் மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதைக் குறைத்துத் தரும் பெட்டியை நம்பகமான கடையில் தயாராகவே வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டிக்குள் குழந்தைகள் கைவைப்பது கூடவே கூடாது.

தண்டவாள இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து மின்சாரத்தைத் தடுக்கும். ஆகையால் பலகையின் அடியில் சிவப்பு, கறுப்பு என இரண்டு தடித்த கம்பிகளை நீளவாட்டில் ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய கம்பியை இறக்கி அவற்றோடு ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். லயனை வளைத்துக் கொண்டுவந்து புறப்பட்ட இடத்திலேயே எதிர்முகமாகச் சேர்த்தால், சிவப்பும் கறுப்பும் மோதிக்கொள்ளும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால், ஸ்டேஷனில் ஒரு லூப் லயன் அமைத்து, இஞ்சினை மட்டும் கழற்றிச் சுற்றிக் கொண்டுபோய் வண்டியின் மறுமுனையில் மாட்டலாம். பார்ப்பதற்கும் அழகு. ஒரே தண்டவாளத்தில் பல இஞ்சின்களுக்குத் தனித்தனியே கட்டளையிடும் எண்முறைக் கருவிகள் இக்காலத்தில் உண்டு. ஒற்றை இஞ்சின் ஓடும் கிளை லயனுக்கு அவை அவசியமில்லை.

காட்சிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தர்மபுரிச் செம்மண்ணைச் சல்லடையில் சலித்துப் பசை தடவிய பலகையில் தூவலாம். காய்ந்த சுள்ளிகளே புளியமரமாகும். சாயம் தோய்த்த மரத்தூள் கேழ்வரகுக் கொல்லையாகும். ஒரே ஒரு ஜாக்கிரதை: மண்ணின்மேல் முதலில் ஒரு காந்தத்தை நடத்திப் பாருங்கள். தீர்த்தமலையிலும் சேலத்துக் கஞ்சமலையிலும் இரும்புக் கனிமம் உள்ள சீமை இது. அந்த இரும்புத் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டால் இஞ்சின் கெட்டுவிடும். குழந்தைக்குப் பூகோள பாடமும் ஆயிற்று!

"இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். இஞ்சினும் மின்பெட்டியும் வாங்கத்தான் வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் இஞ்சினின் அடிப்பாகத்தை மட்டும் வாங்கி, மேற்கூட்டை அட்டையால் செய்யலாம். தானிய வண்டிகளும் ஸ்டேஷனும் கைவேலையே. இரண்டு மூன்று குடும்பங்கள் கூடிச் செய்தால் செலவு பங்காகிவிடும். ஒரு கம்பி அறுந்து வண்டி நின்றுவிட்டால், கோபித்துக்கொள்ளாமல் ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வருகிறதே, அதற்கு விலையேது?

மொரப்பூர் – தர்மபுரி பாதையை அகல லயனாகத் திரும்ப அமைப்பதற்கு 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. சர்க்கார் வேலை அதன் வேகத்தில் நடக்கட்டும். அதற்குள் நம் குழந்தைகள் மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டைகளை ஏற்றிக் கொடியசைத்துவிடலாம். தாத்தா பாட்டிகள் இருக்கும் வீடுகளில், வேலையைத் தொடங்குமுன் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, தங்கள் பெரியவர்கள் அந்த ரயிலைப் பற்றிச் சொன்னது ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பலகையை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.