நாற்காலி இல்லாதவர்கள்

சிநேகிதர் ஒருவருடைய குமாரன் மதுரையில் ஒரு காரியாலயத்தில் ஐந்து வருஷமாக உத்தியோகம் பார்த்து வருகிறான். சென்ற மாதம் நம் வீட்டுக்கு வந்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மாமா, ஆபீஸில் எது எது கோணலாக நடக்கிறது என்று எனக்குத் தெரியும். எப்படி நிமிர்த்தலாம் என்பதும் தெரியும். ஆனால் நான் என்ன மானேஜரா? நான் சொன்னால் யார் கேட்பார்கள்? பதவி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றான்.

அவனுக்குச் சொல்லத்தக்க பதில் எனக்கு அப்போது தோன்றவில்லை. பத்து நாள் கழித்துப் போடிநாயக்கனூரில், விடியற்காலை ஐந்து மணிக்கு, ஒரு டீக்கடை வாசலில் அது கிடைத்தது.

ஏலக்காய் பறிக்கும் காலத்தில் போடியின் விடியற்காலையைப் பார்க்க வேண்டும். ஊர் முழுவதும் இருட்டில் இருக்க, கையில் தூக்குச் சட்டியும் தலையில் துண்டுமாக ஸ்திரீகள் தெருத் தெருவாக வந்து ஜீப்களில் ஏறுகிறார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டைத் தாண்டினால் கேரள ராஜ்யம். அங்கே பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை. பொழுது சாய்ந்த பிறகே திரும்பி வருவார்கள்.

நான் பார்த்த ஜீப்பில் ஆட்கள் ஏற்கனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டான். உள்ளேயிருந்து ஒரு குரல், உரக்கக்கூட இல்லை:

"தம்பி, இனிமே ஒரு ஆளை ஏத்தினா நாங்க எல்லாரும் இறங்கிருவோம்ப்பா. பின்னாடி வண்டி வருது, அதுல வரட்டும்."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான். மலைப்பாதையில் அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்களுக்கு என்ன நேரும் என்பது அந்தப் பிரதேசத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆகையால் அந்த அம்மாள் சொன்னது சாதாரண வார்த்தை அன்று. டீக்கடைக்காரரிடம், "யார் அவர், கங்காணியா?" என்று விசாரித்தேன். "கங்காணி முன் ஸீட்டில் உட்கார்ந்திருக்கிறார், ஐயா. இது கூலிக்குப் போகிற அம்மாதான்" என்றார்.

கங்காணி வாயைத் திறக்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

அந்த அம்மாளுக்கு இந்தச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது? ஏலக்காய் பறிப்பதை நாம் மாங்காய் பறிப்பது போல் நினைத்துவிடக் கூடாது. காய்ச் சரம் செடியின் அடியில், தரையோடு தரையாகக் கிடக்கும். குனிந்து உட்கார்ந்து, பதமான காயை மட்டும் கிள்ளி, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிஞ்சையும் பறித்தால், உலர்த்தும்போது எடை குறைந்து நிறமும் கெடும். புதிதாக வருகிற சிறு பெண் இதையெல்லாம் கங்காணியின் அதட்டலிலிருந்து கற்றுக்கொள்வதில்லை. பக்கத்துச் செடியில் உட்கார்ந்திருக்கும் மூத்தவளின் விரல்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள். கற்றுக் கொடுத்தவள் ஒரு நாள் "இறங்கிருவோம்" என்றால் இவளும் இறங்குவாள். அதற்கு உத்தரவுக் காகிதம் எதற்கு?

ஒரு ஜீப்பை நிறுத்துவது பிரமாதமா என்று நேயர்கள் கேட்கலாம். அதே மலைப்பாதையில் மேலும் போனால் மூணாறு வருகிறது. அங்கே 2015-ம் வருஷம் செப்டம்பர் மாதம் நடந்ததை நினைவூட்டுகிறேன்.

கண்ணன் தேவன் மலைகளில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர். முந்திய வருஷம் நூற்றுக்கு 19 விழுக்காடாக இருந்த போனஸ் அந்த வருஷம் 10 என்று அறிவிக்கப்பட்டது. தினக்கூலி 232 ரூபாய். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2005-ல் அந்தக் கம்பெனி புதிதாக அமைக்கப்பட்டபோது பங்குகளின் பெரும்பகுதி தொழிலாளர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் கிடைத்திருந்தது. அதாவது காகிதத்தில் இந்தப் பெண்கள் 'முதலாளிகள்'! தொழிற் சங்கங்களிலும் சந்தா செலுத்திய அங்கத்தினர்கள். முதலாளிப் பட்டமும் இருந்தது, அங்கத்தினர் சீட்டும் இருந்தது. போனஸ் மட்டும் பாதியாகிவிட்டது. சங்கங்களின் தலைவர்களோ ஆண்கள், கூடை சுமக்காதவர்கள்.

பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, கொச்சியிலிருந்து மூணாறு, போடி வழியாகத் தனுஷ்கோடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தங்கள் வீட்டு ஆண்களையும் எட்டி நிற்கச் சொல்லிவிட்டார்கள். சமாதானம் பேச வந்த அரசியல் பிரமுகர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 91 வயதான எதிர்க்கட்சித் தலைவர் வி. எஸ். அச்சுதானந்தனை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். அவரும் முடிவு தெரியும் வரையில் அவர்களோடு இருந்தார். முதன்மந்திரி உம்மன் சாண்டியுடன் நடந்த பேச்சில் பெண்களின் பிரதிநிதிகளே கலந்துகொண்டார்கள். ஒன்பதாம் நாள், போனஸ் 8.33, கருணைத் தொகை 11.67, ஆக 20 விழுக்காடு என்று தீர்ந்தது. 'பெம்பிள ஒருமை' என்ற பெயர் தேசமெங்கும் பரவியது. லிஸ்ஸி, கோமதி, இந்திராணி என்று பத்திரிகைகளில் அடிபட்ட பெயர்கள் எல்லாம் அதற்கு முந்திய மாதம் வரையில் கொழுந்துக் கூடையோடு மட்டுமே சம்பந்தப்பட்டவை.

இதைப் படித்துவிட்டுப் பதவியே வேண்டாம் என்று யாராவது கிளம்பினால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலியை நிர்ணயிப்பது தோட்டத் தொழிலாளர் கமிட்டி. அதில் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்குத்தான் ஆசனம்; பெம்பிள ஒருமைக்கு இல்லை. 500 ரூபாய் கேட்டவர்களுக்கு, அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிவாயிற்று. சாலையை ஆயிரம் பேர் அடைக்கலாம். ஆனால் அந்த அறைக்குள் போக நாற்காலி தேவையாகிவிடுகிறது. அந்த வருஷமே நடந்த தேர்தலில் கோமதி தேவிகுளம் வட்டாரப் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இயக்கத்தைச் சங்கமாக்க முயன்றார்கள். பிறகு தலைவியரிடையே மனஸ்தாபம் உண்டாகி, பழைய ஒருமை குலைந்தது. சாலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தபோது யார் முதல் என்ற கேள்வி எழவில்லை. பதவி என்று ஒன்று வந்ததும் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இதற்காக அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பெரிய பெரிய கட்சிகளிலேயே இந்த வியாதிக்கு மருந்து இல்லை. காந்தியடிகள் 1934-ல் காங்கிரஸின் சாதாரண அங்கத்தினர் பதவியையும் விட்டு விலகினார். அதற்குப் பிறகும் காங்கிரஸ் அவரைக் கேட்காமல் பெரிய முடிவு எதையும் எளிதில் எடுக்கவில்லை. ஆனால் அது எல்லோருக்கும் சாத்தியமாகிற காரியமா?

சிநேகிதர் குமாரன் மறுபடி வந்தபோது இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரி மாமா, நாளைக்கு ஆபீஸில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்றான்.

"உன் மேஜைக்கு அக்கம் பக்கத்தில் எத்தனை பேர்?"

"மூன்று பேர்."

"அவரவர் வேலையில் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டு திண்டாடுகிறார்கள் என்று தெரியுமா?"

இரண்டு பேரைப் பற்றி விஸ்தாரமாகச் சொன்னான். மூன்றாமவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திவிட்டான். அவர் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதாம். காலையில் ஒரு வணக்கத்தோடு சரியாம். திங்கட்கிழமை விசாரித்துவிட்டுத் தகவல் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.